வெறிச்சோடிய வணிக வளாகத்தை ஊர்மக்களுக்குப் பயன்படும் இடமாக மாற்றுவது எப்படி?

பெரிய வணிக வளாகம் ஒன்று மூடப்பட்டால் அந்த வட்டாரம் கடைகளை இழப்பதோடு நிற்பதில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் வேறிடம் தேடுகிறார்கள். உள்ளாட்சிக்கு வந்த வரி சுருங்குகிறது. வாசலில் நின்று சென்ற பேருந்துகள் தடம் மாறுகின்றன. வெயிலும் மழையும் படாமல் முதியவர்கள் காலையில் நடந்துவந்த நடைக்கூடம் பூட்டப்படுகிறது. பூட்டிய கட்டடம் நாளுக்கு நாள் பழுதாகும், சுற்றியுள்ள தெருக்களும் அதனோடு சேர்ந்து களையிழக்கும். ஆகவே இதை உரிமையாளரின் சொந்த விவகாரம் என்று விட்டுவிடாமல், குடியிருப்போர் சங்கம், உள்ளாட்சி மன்றம், அருகிலுள்ள கல்வி, மருத்துவ நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து கையில் எடுக்க வேண்டும். அவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

1956-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் எடைனா நகரில் திறக்கப்பட்ட சவுத்டேல் வளாகமே, முழுவதும் கூரையிட்டுக் குளிரூட்டப்பட்ட முதல் புறநகர் மால் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதை வடிவமைத்த விக்டர் குரூயன் வியன்னாவில் பிறந்தவர். கடைகளைச் சுற்றி வீடுகள், பள்ளி, மருத்துவ நிலையம், பூங்கா என ஒரு முழு ஊர் எழ வேண்டும் என்பதே அவர் எண்ணம். அதைப் பார்த்து மற்ற இடங்களில் கட்டியவர்கள் கடைகளையும் வாகன நிறுத்துமிடத்தையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். பிற்காலத்தில் அந்த வளாகங்களுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று குரூயனே வெளிப்படையாக மறுத்துப் பேசினார். வாங்குவதும் விற்பதும் தவிர வேறு எதற்கும் வழியில்லாத இடம், வாங்குவோர் குறைந்த நாளில் காலியாவது இயல்பே. எனவே ஒரு பெருங்கடை போன இடத்தில் இன்னொரு பெருங்கடையைத் தேடுவதை விட்டுவிட்டு, அந்த வட்டாரத்து மக்கள் விற்பனை நன்றாக இருந்தாலும் மந்தமாக இருந்தாலும் வந்தே ஆக வேண்டிய ஒரு பொதுச் சேவையை உள்ளே நிலைக்கச் செய்வதையே முதல் குறிக்கோளாகக் கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் வேலைகள் எல்லாம் அதை நோக்கியே செல்கின்றன.

முதலில் பத்திரங்களைப் படியுங்கள்

பலரும் முதல் வேலையாகக் கட்டடக் கலைஞரை அழைத்து வண்ணப் படங்கள் வரையச் சொல்கிறார்கள். அதற்கு முன்பே சொத்துச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரை அமர்த்த வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே கட்டடமாகத் தோன்றும் வளாகத்தில் நான்கைந்து உரிமையாளர்கள் இருப்பது சாதாரணம். நடுவிலுள்ள சிறு கடைகளும் நடைக்கூடமும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கும்; இரு முனைகளிலும் உள்ள பெருங்கடைகள் தாம் நிற்கும் நிலத்தையும் தமக்கு முன்னுள்ள வாகன நிறுத்துமிடத்தையும் தனித்தனியே வைத்திருக்கும். இவர்கள் அனைவரையும் கட்டிப்போடும் பொது ஒப்பந்தம் ஒன்று பல பத்தாண்டுகளுக்கு எழுதப்பட்டிருக்கும். வாகன நிறுத்துமிடத்தின் எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது, சாலையிலிருந்து பெருங்கடையின் பெயர்ப்பலகை தெரிவதை எதுவும் மறைக்கக் கூடாது, வளாகத்துக்குள் பள்ளியோ உடற்பயிற்சிக் கூடமோ வரக் கூடாது என்றெல்லாம் அதில் விதிகள் இருக்கும். ஒரே ஒரு தரப்பு ஒப்புக்கொள்ளாவிட்டாலும் முழுத் திட்டமும் நின்றுபோகும். கடையை மூடிவிட்டுப் போன நிறுவனத்தின் கையில்கூட இந்தத் தடையுரிமை தொடர்ந்து இருக்கலாம்.

இதைவிட மக்களைப் பாதிக்கும் விதி இன்னொன்று உண்டு. பலசரக்குப் பேரங்காடி ஒன்று வெளியேறும்போது, அந்த இடத்தில் வேறொரு பலசரக்குக் கடை இத்தனை ஆண்டுகளுக்கு வரக் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதிவைத்துவிட்டுப் போவது பல நாடுகளில் நடந்துள்ளது. நடந்து போகும் தூரத்தில் காய்கறியோ பாலோ கிடைக்காத வட்டாரத்தில் இப்படி ஒரு விதி இருப்பது பெரும் அநீதி. அதை நீக்கச் சொல்லி உள்ளாட்சி அமைப்பு எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும்; அந்த நிறுவனம் வேறெங்காவது கடை திறக்க அனுமதி கோரும் நேரம் அதற்கு மிகவும் ஏற்ற சமயம்.

அடமானம் யாரிடம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பெரிய வளாகங்களின் கடன்கள் வங்கியிலேயே தங்கியிருப்பதில்லை. பல கடன்களோடு ஒன்றாகக் கட்டப்பட்டு முதலீட்டுப் பத்திரங்களாக விற்கப்பட்டிருக்கும். தவணை நின்றுவிட்ட பிறகு முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளூர் உரிமையாளரிடம் இருக்காது. முதலீட்டாளர்கள் சார்பில் கடனை நிர்வகிப்பவரிடம் போய்விடும். அவரை அடையாளம் காணாமல் உரிமையாளரோடு மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பது வீண். காப்பீட்டு ஒப்பந்தத்தையும் மறக்க வேண்டாம்: கட்டடம் தொடர்ந்து 60 நாட்களுக்கு மேல் காலியாக இருந்தால் சில வகைச் சேதங்களுக்கு இழப்பீடு கிடையாது என்ற விதி அமெரிக்க வணிகச் சொத்துக் காப்பீடுகளில் பரவலாக உள்ளது. குழாய் உடைந்து தளம் முழுவதும் நீர் நின்ற பிறகு இதைக் கண்டுபிடிப்பதில் பயனில்லை.

சட்டம் உங்களுக்குத் துணையாகவும் இருக்கக்கூடும். இங்கிலாந்தில் 2024 டிசம்பர் முதல், முந்தைய 24 மாதங்களில் 365 நாட்களுக்கு மேல் காலியாக இருந்த கடைத்தெருக் கடைகளின் குத்தகை உரிமையை உள்ளாட்சி மன்றமே ஏலத்தில் விட வழி செய்யப்பட்டுள்ளது. குத்தகைக் காலம் ஓராண்டிலிருந்து ஐந்தாண்டு வரை இருக்கலாம். கலிஃபோர்னியாவில் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் ஒன்று, வணிகத்துக்கென ஒதுக்கிய நிலங்களில் குறிப்பிட்ட நிபந்தனைகளோடு குறைந்த வாடகை வீடுகள் கட்டுவதை எளிதாக்கியது. உங்கள் ஊரின் நில வகைப்பாட்டு விதிகளில் இப்படிப்பட்ட வாய்ப்பு எதுவும் உண்டா என்று தேடுங்கள். இல்லையென்றால் வகைப்பாட்டை மாற்றும் விண்ணப்பத்தை முதல் மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் மற்ற வேலைகளைவிட அதற்கே அதிகக் காலம் பிடிக்கும்.

யார் வந்துபோகிறார்கள் என்று அறியுங்கள்

முழுவதும் காலியாகிவிட்டது என்று சொல்லப்படும் வளாகத்திலும் ஆட்கள் இருப்பார்கள். வாடகை குறைந்த பிறகு உள்ளே வந்த தையல்காரர், கைபேசி பழுதுபார்ப்பவர், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பித் தருபவர், வார இறுதியில் கூடும் வழிபாட்டுக் குழு, நடைப்பயிற்சிக்கு வரும் முதியவர்கள் என ஒரு சிறு உலகமே அங்கே இயங்கிக்கொண்டிருக்கும். திட்ட அறிக்கைகளில் இவர்கள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆனால் அந்த இடத்தின் மீது உண்மையான பற்றுள்ளவர்கள் இவர்களே.

லண்டனின் எலிஃபன்ட் அண்ட் காசில் வளாகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1965-இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் காலப்போக்கில் லத்தீன் அமெரிக்காவிலிருந்து குடியேறியவர்களின் சிறு கடைகள் நிறைந்து, அந்தச் சமூகத்தின் கூடுமிடமாகவே அது மாறியிருந்தது. மறுகட்டுமானத்துக்காக 2020 செப்டம்பரில் அது மூடப்பட்டபோது, கடைக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு அருகில் தற்காலிக இடம் தரப்பட்டது. எல்லாருக்கும் இடம் கிடைக்கவில்லை என்ற போராட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்து நீதிமன்றம் வரை சென்றது. மாற்று இடம் குறித்த பேச்சு, அனுமதி கிடைத்த பின்பு தொடங்கினால் இப்படித்தான் முடியும். ஆகவே முதல் கூட்டத்துக்கு முன்பே, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கடைக்காரரையும் நேரில் சந்தித்து, எத்தனை சதுர அடி, என்ன வாடகை, எத்தனை பேருக்கு வேலை, இடம் மாறினால் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க முடியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் காலத்தில் அவர்கள் எங்கே இருப்பார்கள், முடிந்த பின் எந்த வாடகையில் திரும்புவார்கள் என்பது அனுமதியின் நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும்.

அக்கம்பக்கத்தாரிடம் கேட்கும் கேள்வியையும் கவனித்து அமைக்க வேண்டும். ‘இங்கே என்ன வர வேண்டும்?’ என்று கேட்டால், வேறெங்கோ பார்த்த பெரிய கடைகளின் பெயர்களே பதிலாக வரும். கடந்த மாதம் எந்தெந்த வேலைக்காக எவ்வளவு தூரம் போனீர்கள், அதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டால், இரத்தப் பரிசோதனைக்கு இரண்டு பேருந்து மாறியது, பிள்ளை படிக்க அமைதியான இடம் இல்லாதது, விண்ணப்பம் ஒன்றைக் கொடுக்க ஒரு நாள் கூலியை இழந்தது ஆகியவை தெரியவரும். இந்தப் பதில்களே பிறகு மருத்துவமனையையோ நூலகத் துறையையோ அணுகும்போது கையிலிருக்கும் ஆதாரம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களை, அதாவது இரவுப்பணியாளர்களையும் கைக்குழந்தையோடு இருப்பவர்களையும், பேருந்து நிறுத்தத்திலும் பள்ளி வாசலிலும் போய்ச் சந்திப்பதே முறை.

கட்டடம் எதற்குப் பொருந்தும்?

வணிக வளாகக் கட்டடம் மற்றக் கட்டடங்களைப் போன்றதன்று. பெருங்கடையின் ஒரு தளம் மட்டுமே ஓரிரு ஏக்கர் பரவியிருக்கும். உயரமான கூரை, தள்ளித் தள்ளி நிற்கும் தூண்கள், தாராளமான மின் இணைப்பு, சரக்கு இறக்கும் மேடை ஆகியவை அதன் நன்மைகள். சன்னல் இல்லாததே அதன் பெருங்குறை. சுவரிலுள்ள சன்னலிலிருந்து ஆறேழு மீட்டர் வரைதான் பகல் வெளிச்சம் பயன்படும் அளவுக்கு எட்டும் என்பது கட்டடக் கலைஞர்களின் பொதுக் கணக்கு. 70, 80 மீட்டர் அகலமுள்ள தளத்தில் நடுப்பகுதி முழுவதும் பகலிலும் இருட்டுதான். இதனால் பழைய பெருங்கடையை அப்படியே வீடுகளாகப் பிரிக்கும் யோசனை பெரும்பாலும் கைகூடுவதில்லை. கூரையை வெட்டி முற்றங்கள் அமைக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர், கழிவுநீர்க் குழாய்களைப் புதிதாகப் பதிக்க வேண்டியிருக்கும், செலவு புதுக் கட்டடத்தை எட்டிவிடும். விதிவிலக்குகள் உண்டு. ராட் ஐலண்ட் மாநிலம் பிராவிடென்ஸ் நகரில் 1828-இல் கட்டப்பட்ட ஆர்கேட் என்னும் பழைய அங்காடி, 2013-இல் மேல் இரண்டு தளங்களில் 48 சிறு குடியிருப்புகளும் கீழே சிறு கடைகளுமாக மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அது குறுகலான கட்டடம், நடுவில் கண்ணாடிக் கூரை வழியே வெளிச்சம் இறங்கும் அமைப்பு கொண்டது. உங்கள் வளாகம் அப்படி இல்லையென்றால், வீடுகளை வெளியே வாகன நிறுத்துமிடத்தில் கட்டிவிட்டு, ஆழமான உட்பகுதியை வெளிச்சம் அதிகம் வேண்டாத பயன்பாடுகளுக்கு விடுங்கள்.

அப்படிப்பட்ட பயன்பாடுகள் குறைவல்ல. டெக்சஸ் மாநிலம் மெக்ஆலன் நகரில் கைவிடப்பட்ட வால்மார்ட் கடை ஒன்று, 2011-இல் ஏறத்தாழ 1,25,000 சதுர அடிப் பொது நூலகமாகத் திறக்கப்பட்டது. தனித்து நின்ற கடைதான் அது, மால் அன்று. ஆனாலும் சன்னலற்ற பெருங்கூடத்தைக் குழந்தைகள் பகுதி, கணினிப் பகுதி, கூட்ட அறை என வண்ணங்களாலும் தாழ்ந்த தொங்குகூரைகளாலும் பிரித்துக் காட்டிய விதம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஆஸ்டின் நகரின் ஹைலேண்ட் மாலை ஆஸ்டின் சமுதாயக் கல்லூரி படிப்படியாக வாங்கி, முன்பு ஜே.சி.பென்னி கடை இருந்த இடத்தில் 600-க்கும் மேற்பட்ட கணினிகள் கொண்ட கற்றல் கூடத்தை 2014-இல் திறந்தது. வெர்மான்ட் மாநிலம் பர்லிங்டனில் உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் நச்சு வேதிப்பொருள் கண்டறியப்பட்டு அது மூடப்பட்டபோது, நகர மையத்தில் காலியாக இருந்த மேசிஸ் கடை சில மாதங்களிலேயே சீரமைக்கப்பட்டு, 2021 மார்ச்சில் மாணவர்கள் அங்கே வகுப்புக்குச் சென்றார்கள். எஸ்கலேட்டர் ஏறித்தான் போனார்கள்.

இவற்றில் எதை விரும்பினாலும் கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை கைக்கு வரும் முன் யாருக்கும் வாக்குறுதி தர வேண்டாம். அமெரிக்கக் கட்டட நெறிகளின்படி கடைகளின் தரைத்தளம் சதுர அடிக்கு 100 பவுண்டு சுமையும் மேல்தளம் 75 பவுண்டும் தாங்க வேண்டும். வகுப்பறைக்கு 40 பவுண்டு போதும், ஆனால் நூல்களை நெருக்கமாக அடுக்கும் அறைக்கு 150 பவுண்டு தேவை. அதாவது வகுப்பறைகளை எந்தத் தளத்திலும் வைக்கலாம். நூலடுக்குகளை மேல்தளத்தில் வைக்க வேண்டுமானால் தூண்களையும் விட்டங்களையும் வலுப்படுத்த வேண்டியிருக்கும். தட்டைக் கூரையின் நீர்த்தடுப்பு உறை பொதுவாக 20, 25 ஆண்டுகளுக்கு மேல் தாங்காது என்பதால், முப்பது ஆண்டுப் பழைய வளாகத்தில் கூரைச் செலவை முதல் வரியாகவே மதிப்பீட்டில் எழுதிவிடுங்கள். 1980-க்கு முந்தைய கட்டடமாக இருந்தால் தரை ஓடு, அதன் பசை, குழாய் உறை ஆகியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு அதிகம். உரிமம் பெற்றவர்கள் மாதிரி எடுத்துச் சோதித்த பிறகே எதையும் உடைக்க வேண்டும். வளாகத்துக்குள் உலர்சலவைக் கடையோ மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புக் கூடமோ பெட்ரோல் நிலையமோ இருந்திருந்தால் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்க வேண்டும். அவசர வெளியேறும் வழிகளையும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருக்கும், ஏனெனில் கடைக்குப் போதுமான கதவுகள் பள்ளிக்கோ அரங்குக்கோ போதாமல் போகலாம்.

வாகன நிறுத்துமிடத்தின் மதிப்பு

கட்டடத்தைவிடப் பெரிய சொத்து வெளியே தார் போட்டுக் கிடக்கிறது. பழைய விதிகள் 1,000 சதுர அடிக் கடைப் பரப்புக்கு ஐந்து வாகன இடங்கள் வரை கேட்டன. வந்துபோகும் வழியையும் சேர்த்தால் ஒரு வாகனத்துக்கு ஏறக்குறைய 300 சதுர அடி ஆகும். அப்படியானால் 1,000 சதுர அடிக் கடைக்கு 1,500 சதுர அடி நிறுத்துமிடம். அந்த எண்ணிக்கையும் ஆண்டில் சில விழாக்கால நாட்களின் கூட்டத்தை நினைத்துப் போடப்பட்டது. பகலில் இயங்கும் மருத்துவ நிலையமும் இரவில் வீடு திரும்பும் குடியிருப்போரும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதால், பெரும்பகுதியை விடுவித்துவிடலாம். ஒரு வாரம் முழுவதும் மணிக்கொருமுறை வாகனங்களை எண்ணி வைத்துக்கொண்டால் உள்ளாட்சியிடம் வாதாட அதுவே போதும்.

விடுபட்ட நிலத்தில் முதலில் தெருக்களைப் போடுங்கள். கொலராடோ மாநிலம் லேக்வுட் நகரில் 1966-இல் திறந்து 2001-இல் மூடிய வில்லா இத்தாலியா மாலை இடித்துவிட்டு, அந்த ஏறத்தாழ 100 ஏக்கரில் இருபதுக்கும் மேற்பட்ட தெருக்கட்டங்களை அமைத்து, சுற்றியிருந்த சாலைகளோடு இணைத்தார்கள். பெல்மார் என்று பெயர் பெற்ற அந்த இடம் இன்று வீடுகளும் அலுவலகங்களும் பூங்காவும் கடைகளும் கலந்த நகர மையமாக இருக்கிறது. தெருக்கள் பொதுச் சொத்தாக இருந்தால், ஒவ்வொரு கட்டத்தையும் வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு ஆட்கள் கட்டலாம். ஒரு முதலீட்டாளர் பின்வாங்கினாலும் மற்றவை நிற்காது. பேருந்தும் இந்தத் தெருவுக்குள் வர வேண்டும். வளாகத்தின் விளிம்பில் இறங்கி, நிழலற்ற தார்வெளியைக் கடந்து நடக்க வேண்டியிருந்தால் முதியவர்கள் வரமாட்டார்கள்.

தாழ்வான நிலத்தில், மூடப்பட்ட ஓடையின் மேலேயே கட்டப்பட்ட வளாகங்களும் உண்டு. கனெக்டிகட் மாநிலம் மெரிடன் நகரின் மையத்தில் அப்படி நின்ற மால் ஒன்று 2007-இல் இடிக்கப்பட்டது. அடியில் குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்த ஓடை திறந்துவிடப்பட்டு, வெள்ள நீரைத் தேக்கிக்கொள்ளும் 14 ஏக்கர்ப் பூங்கா 2016-இல் திறக்கப்பட்டது. உங்கள் இடத்தின் பழைய வரைபடங்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு மழைக்கும் நிலக்கீழ்த் தளத்தில் நீர் ஏறுகிறது என்றால் அந்தப் பகுதியை மீண்டும் கட்டுவதில் அறிவுடைமை இல்லை.

முதலில் யாரை உள்ளே கொண்டுவருவது?

திட்டம் நிலைக்குமா என்பதை முடிவு செய்வது இதுதான். மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சனில் 1970-இல் திறக்கப்பட்ட மால் ஒன்று, செல்வர்கள் புறநகருக்குப் போனபின் ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. சுற்றிலும் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பின மக்கள். அந்த வெற்றுக் கட்டடத்தை மருத்துவமனையாக்கலாம் என்று குழந்தை மருத்துவரான ஆரன் ஷர்லி கண்டார். மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம், ஜாக்சன் மாநிலப் பல்கலைக்கழகம், டூகலூ கல்லூரி ஆகியவை சேர்ந்து அமைத்த அறக்கட்டளை 1990-களின் நடுவில் அதைக் கையிலெடுத்தது. இன்று ஜாக்சன் மெடிகல் மால் என்று அறியப்படும் அந்த இடத்தில் வெளிநோயாளர் பிரிவுகளும் சமூக நலச் சேவைகளும் ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. நாஷ்வில் நகரின் ஒன் ஹண்ட்ரட் ஓக்ஸ் மாலில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவ மையம் மேல்தளத்தைக் குத்தகைக்கு எடுத்து 2009-இல் சிகிச்சைப் பிரிவுகளைத் திறந்தது; கீழே கடைகள் தொடர்ந்தன, பிறகு முழு வளாகத்தையும் அந்த மருத்துவ மையமே வாங்கிவிட்டது.

இந்த இரண்டிலும் மருத்துவமனை எதற்காக வந்தது என்று பாருங்கள். வெளிநோயாளர் சிகிச்சைக்குப் பரந்த தளமும் எளிதான நுழைவும் நிறைய வாகன இடமும் வேண்டும். மருத்துவமனை வளாகத்தில் அவை கிடைப்பதில்லை, மாலில் ஏற்கெனவே இருக்கின்றன. எனவே நிறுவனங்களை அணுகும்போது உதவி கேட்பவரைப் போல அல்லாமல், அவர்களுடைய இடநெருக்கடிக்குத் தீர்வு தருபவராகப் பேசுங்கள். அவர்களிடம் 15 அல்லது 20 ஆண்டுக் குத்தகை கையெழுத்தாகிவிட்டால், அந்த நிலையான வருமானத்தைக் காட்டி வங்கிக் கடன் பெறுவது எளிதாகும். அதன் பிறகே சிறு கடைகள், குழந்தைகள் காப்பகம், பயிற்சிக் கூடம், சமுதாயச் சமையலறை ஆகியவற்றுக்கு இடம் பிரிக்க வேண்டும். சிறு தொழில் செய்வோருக்கு 3,000 சதுர அடிக் கடை பயன்படாது. 150, 300 சதுர அடியாகப் பிரித்து, தண்ணீரும் மின் இணைப்பும் கொடுத்து, முதல் ஆண்டில் விற்பனையில் ஒரு பங்கை மட்டும் வாடகையாக வாங்கும் முறையை நான் பரிந்துரைப்பேன்.

ஒரு எச்சரிக்கை. சரக்குக் கிடங்காக மாற்ற ஒப்புக்கொள்ளும் நிறுவனம் நல்ல விலை தருவதாக முன்வரலாம். வேலைவாய்ப்பு வரும் என்பதும் உண்மையே. ஆனால் நகரின் நடுவில் மக்கள் நுழைய முடியாத வேலி எழும். இரவும் பகலும் சரக்கு வண்டிகள் ஓடும். நகர எல்லையில், நெடுஞ்சாலையை ஒட்டிய வளாகத்துக்கு அது பொருந்தலாம். வீடுகள் சூழ்ந்த இடத்துக்குப் பொருந்தாது.

காத்திருக்கும் காலத்திலும் கதவு திறந்திருக்கட்டும்

அனுமதியும் நிதியும் சேர ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை பூட்டிவைப்பதே பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. வெர்ஜீனியா மாநிலம் அலெக்சாண்ட்ரியாவின் லேண்ட்மார்க் மால் 2017-இல் மூடப்பட்டது. மறுகட்டுமானத்துக்குக் காத்திருந்த நேரத்தில், அங்கிருந்த மேசிஸ் கடை 2018-இலிருந்து சுமார் இரண்டு ஆண்டுகள் வீடற்றோர் காப்பகமாகப் பயன்பட்டது. அந்தக் காப்பகம் தன் சொந்த இடத்தில் புதுக் கட்டடம் எழுப்பிக்கொண்டு திரும்பியது. மால் நின்ற நிலத்தில் இப்போது மருத்துவமனையோடு கூடிய புதிய குடியிருப்புப் பகுதி உருவாகிறது.

தற்காலிகப் பயன்பாட்டுக்குச் சிறிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். சாலையை நோக்கிய வாசல், கழிப்பறை, தீத்தடுப்பு அமைப்பு ஆகியவை இயங்கும் ஒரு மூலை போதும். மற்றப் பகுதிகளைத் தடுத்துவிடலாம். வாராந்தரச் சந்தை, தடுப்பூசி முகாம், மாலைப் படிப்பகம் என மலிவாகச் செய்யக்கூடியவற்றை நடத்துங்கள். எந்த நாளில் எந்த வேளையில் யார் வருகிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால், இறுதித் திட்டம் ஊகத்தில் நிற்காது. தற்காலிக உரிமம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, எத்தனை நாள் முன்னறிவிப்பில் காலி செய்ய வேண்டும், அதன் பிறகு எங்கே போவது என்பதையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால், இடத்தை உயிர்ப்பித்தவர்களையே பிறகு வெளியேற்றும் கொடுமை நிகழும்.

பணமும் உரிமையும்

ஒரே பெரிய முதலீட்டாளரை முழுவதும் நம்புவதில் உள்ள ஆபத்தை இங்கிலாந்தின் நாட்டிங்கம் நகரம் அனுபவித்தது. அங்கே பிராட்மார்ஷ் வளாகத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 2020 ஜூனில் அதை நடத்திய இன்டு நிறுவனம் நொடித்துவிட்டது; பாதி இடிந்த கட்டடம் நகரின் நடுவில் மாநகராட்சியின் கைக்குத் திரும்பியது. மாநகராட்சி அதைத் துண்டு துண்டாகவே மீட்க வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் அருகில் புதிய மைய நூலகம் திறந்தது. இடிக்கப்பட்ட ஒரு பகுதியில் 2024-இல் பூங்கா வந்தது. ஆகவே தொடக்கத்திலிருந்தே வேலையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் அடுத்தது வராவிட்டாலும் தனித்து இயங்கும்படி அமைக்க வேண்டும். இடிக்கும் ஒப்பந்தத்தில், மீதிக்குப் பணம் வராவிட்டாலும் இடிபாடுகளை அகற்றி நிலத்தைச் சமன்செய்து தரும் உறுதித்தொகை முன்கூட்டியே கட்டப்பட்டிருக்க வேண்டும்.

நிதியைப் பல ஊற்றுகளிலிருந்து சேர்க்கலாம்: குத்தகை ஒப்பந்தத்தின் பேரில் வங்கிக் கடன், அரசு மானியம், மதிப்பு உயர்ந்த பின் கூடுதலாக வரும் சொத்து வரியின் ஒரு பகுதி, அறக்கட்டளை நிதி. இவற்றோடு ஊர்மக்களின் சொந்தப் பங்கும் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன். ஆரிகன் மாநிலம் போர்ட்லண்ட் நகரின் கிழக்குப் பகுதியில் பிளாசா 122 என்னும் பழைய சிறு வணிக வளாகத்தை மெர்சி கோர் என்னும் தொண்டு நிறுவனம் 2014-இல் வாங்கி, பிறகு சுற்றுவட்டாரத்தில் வசிப்போர் மட்டும் மாதம் 10 டாலரிலிருந்து 100 டாலர் வரை செலுத்திப் பங்குதாரர் ஆகும் முறையைக் கொண்டுவந்தது. வளாகம் செழித்தால் வாடகையும் வீட்டு மதிப்பும் உயர்ந்து பழைய குடிகள் வெளியேறும் நிலை வரும். அந்த உயர்வில் அவர்களுக்கே ஒரு பங்கு இருந்தால், அதைத் தாங்கிக்கொள்ள ஓரளவாவது வலு கிடைக்கும். வளாக நிலத்தில் எழும் வீடுகளில் ஒரு பகுதியை நிரந்தரமாகக் குறைந்த வாடகைக்கு ஒதுக்குவதையும், நிலத்தை விற்காமல் நீண்டகாலக் குத்தகைக்கு மட்டுமே விடுவதையும் உள்ளாட்சி நிபந்தனையாக்கலாம்.

திறப்பு விழாவுக்குப் பின் வரும் செலவுகளையும் இப்போதே எழுத வேண்டும். நடைக்கூடம், கழிப்பறை, பூங்கா, விளக்குகள், பாதுகாவல் ஆகியவற்றை யார் பராமரிப்பது, எந்தக் கணக்கிலிருந்து என்பது தெளிவாக இல்லாத இடம் ஐந்தாறு ஆண்டுகளில் மீண்டும் பொலிவிழக்கும். வாடகை வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கை ஒவ்வொரு மாதமும் கூரைக்கும் குளிர்சாதன அமைப்புக்குமான சேமிப்பில் போடச் சொல்லி ஒப்பந்தத்திலேயே கட்டாயமாக்குங்கள்; அந்தச் சேமிப்பை வேறு செலவுக்கு எடுக்கக் கூடாது. நிர்வாகக் குழுவில் கடைக்காரர்களுக்கும் குடியிருப்போருக்கும் வாக்குரிமையுள்ள இடங்கள் இருக்க வேண்டும், கணக்குகள் ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். நடைக்கூடம் எந்த மணியிலிருந்து எந்த மணிவரை எல்லாருக்கும் திறந்திருக்கும், எதுவும் வாங்காதவரும் அங்கே உட்காரலாமா, கூட்டம் நடத்த யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பவற்றையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி, நிலத்தின் பத்திரத்தோடு பதிவு செய்துவிட்டால், பின்னால் வளாகம் யார் கைக்கு மாறினாலும் அந்த விதிகள் அவரையும் கட்டுப்படுத்தும்.